பட்டாளத்துப் பையனும் கிரேக்க எழுத்து வீடும்

அக்காவோ அண்ணனோ சித்தப்பா பையனோ அமெரிக்காவில் இல்லாத தமிழ்க் குடும்பம் இன்றைக்குக் குறைவு. அதனால், பூனாவில் உட்கார்ந்துகொண்டு இவன் எதற்கு அமெரிக்கக் கல்லூரி விவகாரத்தில் மூக்கை நுழைக்கிறான் என்று கேட்க மாட்டீர்கள் என நம்புகிறேன். கேள்வி இதுதான்: பகுதி நேரமாக ராணுவத்தில் இருந்துகொண்டே கல்லூரியில் படிக்கிற ஒரு பையன், அங்கே 'ஃப்ரட்டர்னிட்டி' என்கிற மாணவர் சகோதர சங்கத்தில் சேரலாமா, கூடாதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரைக்கும் இழுத்தடித்தான் என்று அப்புறம் திட்டக்கூடாது. சேரலாம். ஆனால் 'பிளெட்ஜ்' காலம் என்று ஒன்று வைத்து, ஆறு எட்டு வாரம் ஆளைப் பரீட்சை பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவோம் என்கிற சங்கத்தில் சேரக்கூடாது. மற்ற பையன்களுக்கும் இது பொருந்தும்தான். சீருடை போட்டவனுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஏன் என்பதுதான் மிச்சக் கதை.

பையன் என் அக்கா மகன். இல்லினாய் மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவன். பள்ளி முடித்ததும் நேஷனல் கார்டில் சேர்ந்தான். அந்த மாநிலத்தில் கார்டில் இருப்பவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்தை மாநிலமே ஏற்றுக்கொள்ளும் உதவித்தொகை ஒன்று இருக்கிறது. பையன் கணக்குப் போட்டுத்தான் சேர்ந்தான். அக்கா மூன்று நாள் சாப்பிடவில்லை. அத்தான் பேசவில்லை. 'அமெரிக்கா போனது பையனைப் பட்டாளத்துக்கு அனுப்பவா?' என்று தென்காசியில் அம்மா புலம்பினாள். (வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையில் இதையே சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அங்கே வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள்.) அமெரிக்க ராணுவத்துக்கும் தமிழுக்கும் சம்பந்தமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2009 முதல் 2016 வரை, குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாமல் விசாவில் இருந்தவர்களைக்கூட மொழி தெரியும் என்பதற்காகச் சேர்த்துக்கொண்ட திட்டம் ஒன்று அங்கே இருந்தது. அதன் மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு.

நிற்க.

இப்போது பையன் இரண்டாம் வருடம். தெற்காசியப் பையன்கள் நடத்துகிற ஒரு ஃப்ரட்டர்னிட்டியில் சேரப் போகிறேன் என்கிறான். இந்தத் தடவை வீட்டில் யாரும் அழவில்லை! 'நம்ம பசங்க சங்கம்தானே தம்பி, பொங்கல் தீபாவளி எல்லாம் கொண்டாடுவாங்களாம்' என்கிறாள் அக்கா. துப்பாக்கி பிடிக்கப் போகிறான் என்றபோது சாப்பாட்டை விட்டவள், இதற்குச் சந்தோஷமாக சந்தா கட்டத் தயாராக இருக்கிறாள். எனக்கு உறுத்துவது இதுதான். பயப்பட வேண்டிய அளவு இரண்டிலும் தலைகீழாக இருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நேஷனல் கார்டை நம்ம ஊர் என்.சி.சி. என்று நினைத்துவிடாதீர்கள். நம்மிடம் அதற்குக் கிட்டத்தட்டச் சமம் டெரிடோரியல் ஆர்மி (நம்ம தோனி 2011இல் கௌரவ லெப்டினன்ட் கர்னல் ஆனாரே, அது). முதலில் பத்து வாரம் அடிப்படைப் பயிற்சி, பிறகு அவரவர் தொழில் பயிற்சி, அப்புறம் மாதம் ஒரு வார இறுதி டிரில், வருடத்துக்கு இரண்டு வாரம் முகாம். ஒப்பந்தம் மொத்தம் எட்டு வருடம். பெரும்பாலும் ஆறு வருடம் டிரில், மீதி பட்டியலில் பெயர். கூப்பிட்டால் போக வேண்டும், அது வேடிக்கை இல்லை. 2008இல் இல்லினாய் கார்டின் 33ஆவது காலாட்படைப் பிரிகேடைக் கூப்பிட்டார்கள். சுமார் 3,000 பேர் ஆப்கானிஸ்தான் போனார்கள். கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போனவர்களும் அதில் உண்டு.

ஃப்ரட்டர்னிட்டி என்பது கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்ட சங்கம். 1776இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஃபை பீட்டா காப்பா என்று ஆரம்பித்த வழக்கம். பல சங்கங்களுக்குச் சொந்த வீடு உண்டு. உறுப்பினர்கள் அங்கேயே தங்குவார்கள். பருவத்தின் ஆரம்பத்தில் 'ரஷ்' என்று ஆள் பிடிக்கும் வாரம். பிடித்துப்போனால் அழைப்பு. ஏற்றுக்கொண்டால் நீ பிளெட்ஜ், அதாவது பாதி உறுப்பினன். அப்புறம் சில வாரம் சங்கத்தின் வரலாற்றை மனப்பாடம் செய்வது, அண்ணன்மாருக்கு எடுபிடி வேலை செய்வது, ராத்திரி கூப்பிட்டால் ஓடுவது. கடைசியில் ரகசியச் சடங்கு, முழு உறுப்பினன். படித்து முடித்த பிறகும் உறவு தொடரும். வேலைக்குச் சிபாரிசு கிடைக்கும். இதெல்லாம் பொய்யில்லை. நல்ல நண்பர்கள் நிஜமாகவே கிடைக்கிறார்கள். தெற்காசியப் பையன்களுடையதும் 1990களிலேயே வந்துவிட்டன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1996இல் சிக்மா பீட்டா ரோ, ஆஸ்டினில் 1998இல் டெல்டா எப்சிலான் சை, லாஸ் ஏஞ்சலஸில் 1999இல் பீட்டா கை தீட்டா.

எங்கள் அப்பார்ட்மெண்டில் மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். 'பட்டாளத்துல இருக்கறவனுக்கு இன்னொரு பட்டாளம் எதுக்கு சார்?' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கேட்க நன்றாக இருந்தது. அதையே மருமகனிடம் சொன்னேன். அவன் சொன்ன பதில் என் வாயை அடைத்தது. (அவன் தமிழை அப்படியே எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள், கொஞ்சம் சீர்படுத்தித் தருகிறேன்.) 'மாமா, என் யூனிட் ஆளுங்க எல்லாம் ரெண்டு மணி நேர தூரத்துல இருக்காங்க. மாசத்துல ரெண்டு நாள்தான் பார்ப்பேன். மத்த இருபத்தெட்டு நாள் எனக்கு யாருமில்ல. டிரெய்னிங் போனதால ஒரு வருஷம் லேட். என் பேட்ச் பசங்க எல்லாம் குரூப் குரூப்பா செட் ஆயிட்டாங்க.'

சுபேதார் சொன்ன பட்டாளம் இருபத்திநாலு மணி நேரப் பட்டாளம். ஒரே லங்கர் சாப்பாடு, ஒரே பாரக். பையனுக்கு அப்படி இல்லை. பத்து வாரம் ஐம்பது அறுபது பேரோடு தோளோடு தோள் ஒட்டிக் கிடந்துவிட்டு, திடீரென்று தனி அறையில் லேப்டாப்போடு விடப்பட்டவன். நம்மில் யாருக்கு இது புரியாது? ஊரை விட்டு வந்து முதல் வருடம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களை எப்படிக் கழித்தோம் என்று கொஞ்சம் யோசியுங்கள். பூனாவில் ராஸ்தா பேட் பக்கம் இட்லி கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு இரண்டு பஸ் மாறிப் போனவன் நான். இட்லிக்காக மட்டுமா போனேன்? அங்கே பக்கத்து டேபிளில் யாராவது தமிழ் பேசுவார்கள் என்பதற்காகத்தான். ஆகவே 'உனக்கு எதுக்குடா சங்கம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சங்கம் வேண்டும். எந்தச் சங்கம், எந்த விலைக்கு என்பதுதான் பேச்சு.

'ராணுவத்திலும்தானே கஷ்டப்படுத்துகிறார்கள், இது என்ன பெரிய விஷயம்' என்று அத்தான் கேட்டார். ராணுவம் உன்னிடம் என்னென்ன எடுத்துக்கொள்ளும் என்று கையெழுத்துக்கு முன்னால் தாளில் எழுதிக் கொடுக்கிறது. எட்டு வருடம் என்றால் எட்டு வருடம். சார்ஜெண்ட் நூறு தண்டால் எடுக்கச் சொல்கிறார் என்றால், நாளை குண்டு விழும்போது நீ ஓட வேண்டும் என்று ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் இல்லாமல் ஒருவரை உடலாலோ மனதாலோ வதைத்தால் அதற்குப் பெயர் 'ஹேசிங்', அது குற்றம் என்று அவர்களுடைய விதியே சொல்கிறது. 'அவனே சம்மதிச்சான் சார்' என்கிற சாக்கும் அங்கே செல்லாது. பிளெட்ஜ் வாரங்களில் நடப்பதற்கு எந்தத் தாளும் கிடையாது. என்ன நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவே மாட்டார்கள், ரகசியம் என்பதுதான் அதன் பெருமையே. தண்டால் எடுக்கச் சொல்லும் பத்தொன்பது வயசுப் பையனுக்கு, நீ ஓடக் கற்றுக்கொள்வதில் எந்த அக்கறையும் இல்லை. போன வருடம் அவன் எடுத்தான், இந்த வருடம் நீ எடு. அவ்வளவுதான் தத்துவம்.

ராணுவத்தில் விதி எழுதியிருப்பதால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. 2011இல் நியூயார்க் சைனாடவுனைச் சேர்ந்த பத்தொன்பது வயதுச் சீன அமெரிக்கப் பையன் ஒருவன் ஆப்கானிஸ்தானில் கந்தஹார் பக்கம் முகாமில் இருந்தான். இனத்தைச் சொல்லித் திட்டினார்கள், ஜல்லியில் ஊர்ந்து போகவிட்டுக் கல்லால் அடித்தார்கள். அடித்தவர்கள் எதிரிகள் இல்லை, கூட இருந்த சொந்த ஆட்கள். அவன் உயிரை மாய்த்துக்கொண்டான். எட்டுப் பேர் மீது ராணுவ வழக்கு நடந்தது. பெரிய குற்றச்சாட்டுகளில் தப்பித்தவர்களும் உண்டு. அக்காவின் பயத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லாததற்கு இந்தக் கதைதான் காரணம்.

இரண்டே வருடம் கழித்து, 2013 டிசம்பரில், அதே நியூயார்க்கில் பாரூக் கல்லூரி மாணவன் ஒருவன். அவனும் சீனக் குடும்பத்துப் பையன். பை டெல்டா சை என்கிற ஆசிய அமெரிக்க ஃப்ரட்டர்னிட்டியில் பிளெட்ஜ். பென்சில்வேனியாவின் போகோனோ மலையில் வாடகை வீடு எடுத்து அழைத்துப் போனார்கள். கண்ணைக் கட்டி, முதுகில் மணல் மூட்டையை மாட்டி, பனியில் உறைந்த புல்தரையில் நடக்கவிட்டு, மற்றவர்கள் ஓடி வந்து மோதித் தள்ளினார்கள். அந்தச் சடங்குக்கு வைத்த பெயர் 'கண்ணாடிக் கூரை'. அமெரிக்காவில் ஆசியர்கள் படும் கஷ்டத்தைப் புரியவைப்பதற்காம்! பையன் மயங்கி விழுந்த பிறகு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. இண்டர்நெட்டில் அறிகுறிகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள், உடையை மாற்றினார்கள். அவன் பிழைக்கவில்லை. 37 பேர் மீது வழக்கு. 2018இல் அந்தச் சங்கத்தையே பத்து வருடத்துக்குப் பென்சில்வேனியாவை விட்டு விலக்கிவைத்தது நீதிமன்றம்.

'நம்ம பசங்க சங்கம்தானே' என்ற அக்காவுக்கு நான் அனுப்பியது இந்த இரண்டாவது செய்தியைத்தான். நம்மைப் போன்ற முகம், நம்மைப் போன்ற அம்மா அப்பா, நம்மைப் போன்ற சாப்பாடு. அதனால் ஆபத்து குறைவு என்று எந்த விதியும் இல்லை. 'நம்ம ஆளு' என்பதாலேயே வெளியே சொல்லக் கூச்சம் வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் நமக்கு இது தெரியாதா? சிதம்பரத்தில் 1996இல் மருத்துவ மாணவர் நாவரசுவைக் கொன்றது வேற்று மொழிக்காரனா, வேற்று நாட்டுக்காரனா? அதற்கப்புறம்தான் 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது, இந்தியாவிலேயே முதலாவது. 'ராகிங்லதான்யா ஃப்ரெண்ட்ஸ் கிடைப்பாங்க' என்று இன்னும் பேசுகிற என் வயதுக்காரர்களை நான் பார்க்கிறேன். அவர்கள் பேசட்டும்.

அவர்கள் சொல்வதில் ஒரு உளவியல் உண்மை இருக்கிறது என்பதுதான் சோகம். 1959இல் அரான்சன், மில்ஸ் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர வந்த பெண்களில் சிலருக்கு மட்டும் கூச்சமான வார்த்தைகளை உரக்கப் படிக்கச் சொல்லிக் கடுமையான நுழைவுச் சோதனை. மற்றவர்களுக்கு லேசான சோதனை, சிலருக்கு ஒன்றுமே இல்லை. பிறகு எல்லாருக்கும் போட்டுக் காட்டியது ஒரே அறுவைக் கலந்துரையாடல். கடுமையான சோதனையைத் தாண்டி வந்தவர்களுக்குத்தான் அது அதிகம் பிடித்திருந்தது. பட்ட கஷ்டம் வீண் என்று ஒப்புக்கொள்ள மனசு வராது, அதனால் சங்கம் உசத்தி என்று ஆகிவிடுகிறது. மொக்கைப் படத்துக்கு பிளாக்கில் டிக்கெட் வாங்கினவன் வெளியே வந்து 'படம் சூப்பர்' என்பானே, அதேதான் :-)

இனி, சீருடை போட்டவனுக்கு மட்டும் உரிய விஷயங்கள்.

முதலில் நாட்காட்டி. டிரில் நடப்பது சனி ஞாயிறு. ஃப்ரட்டர்னிட்டி வாழ்க்கையும் சனி ஞாயிறுதான். இலையுதிர் காலம் முழுக்க சனிக்கிழமை கால்பந்து, அதைச் சுற்றி விருந்து. கார்டில் ஒரு வார இறுதிக்கு நாலு வருகைப் பதிவு. ஒரு வருடத்துக்குள் ஒன்பது பதிவுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் மட்டம் போட்டால் 'திருப்திகரமற்ற பங்கேற்பு' என்று முத்திரை குத்துவார்கள். அதாவது இரண்டே கால் வார இறுதி. கல்லூரிக் கட்டணம் கட்டும் உதவித்தொகையும் கார்டில் ஒழுங்காக இருப்பவனுக்குத்தான். 'அண்ணன் கூப்பிட்டார், போகலைன்னா மதிப்பு போயிடும்' என்று ஒரு டிரில்லை விட்டால், கணக்கு எங்கே போய் முடியும் என்று புரிகிறதா?

இரண்டாவது, சிறுநீர்ப் பரிசோதனை. இல்லினாயில் 2020 முதல் 21 வயதானவர்களுக்குக் கஞ்சா சட்டப்படி கிடைக்கிறது. ராணுவத்துக்கு அந்தச் சட்டம் கிடையாது. டிரில்லில் முன்னறிவிப்பில்லாமல் பரிசோதனை வைப்பார்கள். அகப்பட்டால் வெளியேற்றும் நடவடிக்கை ஆரம்பமாகிவிடும். அதே வீட்டில் அதே சனிக்கிழமை ராத்திரி அதே புகையை இழுத்த மற்ற பையன்களுக்கு ஒன்றும் ஆகாது.

மூன்றாவது, பாதுகாப்பு அனுமதி. ராணுவத்தில் உருப்படியான பல வேலைகளுக்கு அது வேண்டும். 'எஸ்.எஃப். 86' என்கிற நீளமான படிவம். கடந்த ஏழு வருடத்தில் போதைப்பொருள், குடியால் வந்த சிக்கல், கைது எல்லாவற்றையும் கேட்பார்கள். அமெரிக்காவில் 21 வயதுக்குக் கீழே குடிப்பதே சட்ட விரோதம், பையனுக்கு இருபது. (நம்ம பையனுக்கு இந்தியாவில் மாமா, பாட்டி என்று வெளிநாட்டு உறவுப் பட்டியல் வேறு அனுமார் வால் மாதிரி நீளும். அதை எழுதி முடிப்பதற்குள்ளேயே தாவு தீர்ந்துவிடும், இதில் போலீஸ் கேஸ் எதற்கு?)

இதெல்லாம் அடி வாங்குபவன் கதை. நம் வீடுகளில் இதை மட்டும்தான் பேசுகிறோம்: ஐயோ நம்ம பையனை என்ன பண்ணுவார்களோ என்று. அடுத்த வருடம் என்ன ஆகும் என்று யாராவது யோசித்தோமா? பையன் தாங்கிவிடுவான். பத்து வார ராணுவப் பயிற்சியைத் தாண்டியவனுக்கு இந்தப் பொடிப்பயல்கள் கொடுக்கும் வேலை ஜுஜுபி. தாங்கிவிட்டு முழு உறுப்பினன் ஆவான். மறு வருடம் புதுப் பையன்கள் வரும்போது, அவர்களைப் 'பழக்க' ஆள் வேண்டும். யார் கையில் கொடுப்பார்கள்? 'உனக்குத்தான் டிரில் தெரியுமே, நீயே நடத்து!' என்று நம்ம பையன் தலையில்தான் கட்டுவார்கள். வரிசையில் நிற்கவைப்பது, ராத்திரி எழுப்புவது, கத்துவது என்று சார்ஜெண்ட் செய்ததை எல்லாம், சார்ஜெண்டின் பயிற்சியும் பொறுப்பும் மேலதிகாரியும் இல்லாமல் செய்து பார்ப்பான். எனக்குத் தூக்கம் வராமல் அடிப்பது இந்தப் படம்தான்.

கற்பனை இல்லை இது. அமெரிக்கச் சங்கங்களில் தண்டால், மட்டையடி, 'நரக வாரம்' எல்லாம் பெருகியதற்கு, முதல் உலகப் போருக்குப் பின் முகாம் பழக்கங்களோடு திரும்பிய முன்னாள் சிப்பாய்களும் ஒரு காரணம் என்று எழுதியவர்கள் உண்டு. அதே இல்லினாயில், வடக்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2012இல் ஒரு பிளெட்ஜ் இரவில் முதலாண்டு மாணவன் ஒருவன் வோட்காவை ஊற்ற ஊற்றக் குடித்துச் செத்தான். சங்கத்தார் 22 பேர் மேல் வழக்கு வந்தது. 2018இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், உள்ளூர்க் கிளை மீதும் அதன் பொறுப்பாளர்கள் மீதும் குடும்பத்தார் வழக்கை நடத்தலாம் என்று சொல்லிவிட்டது. அந்த 22 பேரும் ரவுடிகள் இல்லை. யாரோ ஒரு அம்மா பெட்டி கட்டி அனுப்பிவைத்த பையன்கள்தான். நாளைக்கு அதிகாரியாக ஆசைப்படும் ஒருவன் அந்தப் பட்டியலில் இருந்தால்?

ஆனால் சிப்பாய்கள் எல்லாரும் இந்தப் பக்கமே நின்றார்கள் என்று இல்லை. எனக்குப் பிடித்த கதை அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. 1869இல் வர்ஜீனியா ராணுவக் கல்லூரி. உள்நாட்டுப் போரில் தெற்கு அணிக்காகச் சண்டை போட்டுவிட்டுப் படிக்க வந்தவர் ஜேம்ஸ் ஃப்ராங்க் ஹாப்கின்ஸ். (அடிமை முறையைக் காத்த அணி அது, அந்தக் கறை தனி.) கல்லூரியில் சீனியர் பையன்கள் புதுசாக வந்தவர்களைப் படுத்திய பாட்டை அவரால் பொறுக்க முடியவில்லை. நிஜப் போரைப் பார்த்தவனுக்கு இந்தப் பொம்மைக் கொடுமை எப்படி இருந்திருக்கும்! இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, ஹேசிங்குக்கு எதிராகவே ஒரு சங்கம் ஆரம்பித்தார். அதுதான் சிக்மா நூ, இன்றைக்கும் பெரிய ஃப்ரட்டர்னிட்டிகளில் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், பிற்பாடு அந்த ராணுவக் கல்லூரியே தன் மாணவர்களுக்கு ஃப்ரட்டர்னிட்டி கூடாது என்று தடை போட்டுவிட்டது. வெஸ்ட் பாயிண்டிலும் அன்னாபொலிஸிலும்கூட இந்த மாதிரிச் சங்கங்கள் கிடையாது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து, 1944ஆம் வருடத்து ஜி.ஐ. பில் பணத்தில் லட்சக்கணக்கான வீரர்கள் கல்லூரிக்கு வந்தபோதும் இது நடந்தது. முதலாண்டு மாணவன் தலையில் குட்டித் தொப்பி போட வேண்டும், சீனியர் சொன்னால் கேட்க வேண்டும் என்றெல்லாம் அப்போது வழக்கம். நார்மண்டியில் இறங்கிவிட்டு வந்தவனிடம் போய் பதினெட்டு வயசுப் பையன் தொப்பி போடு என்றால்? 'போடா' என்றுவிட்டார்கள். எத்தனையோ கல்லூரிகளில் அந்த வழக்கம் ஆட்டம் கண்டது அப்போதுதான்.

மருமகனிடம் நான் சொன்னது இந்த இரண்டு கதைகளைத்தான். அவன் நார்மண்டிக்குப் போகவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாட்டுக்கு ஒரு சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டவன். தன்னைப் புதிதாக நிரூபிக்க வேண்டும் என்று எந்தப் பையன் கேட்டாலும், 'ஏற்கெனவே எழுதிட்டேன் பரீட்சை' என்று சொல்லும் உரிமை அவனுக்கு இருக்கிறது. அப்படிச் சொல்வதாலேயே வேண்டாம் என்கிற சங்கம் அவனுக்கு வேண்டாம்.

பிளெட்ஜ் இல்லாமல் சங்கம் நடத்தவே முடியாது என்பார்கள். நடத்துகிறார்கள். ஸீட்டா பீட்டா டாவ் 1989இலேயே பிளெட்ஜ் முறையை ஒழித்தது. மிகப் பெரிய சங்கங்களில் ஒன்றான சிக்மா ஆல்ஃபா எப்சிலான், தொடர்ந்து மரணங்கள் நடந்த பிறகு, 2014இல் ஒழித்தது. காகிதத்தில் ஒழித்தால் வீட்டுக்குள் ஒழிந்துவிடுமா என்று கேட்டால், ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு மாதிரிதான். ஆனாலும் தலைமையே கூடாது என்று சொன்ன இடத்தில் நம்ம பையன் மறுத்து நிற்பது சுலபம். இன்னொரு வழியும் இருக்கிறது. 2008இல் தொடங்கிய ஸ்டூடண்ட் வெட்டரன்ஸ் ஆஃப் அமெரிக்காவுக்கு ஏராளமான கல்லூரிகளில் கிளைகள் உண்டு. ராணுவத்தில் இருந்தவர்களும் இருப்பவர்களும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க, காபி குடிக்க, அரசாங்கப் படிவம் நிரப்ப. அங்கே யாரும் யாருடைய கண்ணையும் கட்ட மாட்டார்கள். 'எல்லாம் கிழடுகளா இருக்கும் மாமா' என்கிறான் :-) இருபத்தாறு வயது கிழடாம்.

நம்ம வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. 'வேண்டாம்' என்று வாட்ஸப்பில் கத்துவது அந்த வேலை இல்லை. கத்தினால் சொல்லாமல் சேர்ந்துவிடுவான், அப்புறம் ஏதாவது நடந்தாலும் நம்மிடம் வாய் திறக்க மாட்டான். சங்கத்தாரிடம் அவனையே மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள். டிரில் இருக்கும் வார இறுதியில் வரமாட்டேன், அதற்குத் தண்டனை உண்டா? குடிக்க மாட்டேன் என்றால் அதோடு விடுவீர்களா? இந்த எட்டு வாரத்தில் நடக்கப் போவதை என் அம்மாவிடம் நான் சொல்லலாமா? மூன்றாவது கேள்விக்கு அவர்கள் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தாலே போதும்.

அதோடு, 2024 டிசம்பரில் அமெரிக்காவில் கல்லூரி ஹேசிங்கைத் தடுக்க ஒரு மத்தியச் சட்டம் கையெழுத்தானது. அதன்படி, எந்தெந்த மாணவர் அமைப்பு ஹேசிங் விதியை மீறியதாகக் கண்டுபிடிக்கப்பட்டது, என்ன நடந்தது, என்ன தண்டனை என்கிற அறிக்கையைக் கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும், வருடத்துக்கு இரண்டு தடவையாவது புதுப்பிக்க வேண்டும். முதல் அறிக்கைக்கான கெடு 2025 டிசம்பர். பூனாவிலிருந்தோ டெல்லியிலிருந்தோ தென்காசியிலிருந்தோகூட அதைப் படிக்கலாம். அக்காவிடம், சந்தாவுக்குக் கார்டு எண்ணை அடிப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து சங்கத்தின் பெயரைத் தேடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கிரேக்க எழுத்து புரியாவிட்டால் பையனையே படித்துக் காட்டச் சொல்லட்டும்.